‘ரைட்டு’ன்னா என்ன அர்த்தம்?

அஃபேசியா. இந்த வார்த்தையை ஹாஸ்டல்ல நாலு பேர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். ஒருத்தன் புது வெப் சீரிஸான்னு கேட்டான். இன்னொருத்தன் பைத்தான் லைப்ரரின்னு நினைச்சு, "எதுக்கு யூஸ் ஆகும்?" என்றான். மூணாவது ஆள் போனை விட்டுத் தலையே தூக்கல. ஒரே ஒருத்தன்தான், "புரூஸ் வில்லிஸுக்கு வந்தது தானே?" என்று கேட்டான். சரிதான். ‘டை ஹார்ட்’ ஹீரோ நடிப்பை விட்டு விலகுகிறார், காரணம் அஃபேசியா என்று 2022 மார்ச்சில் அவர் குடும்பம் அறிவித்தது. அடுத்த வருஷம், அதற்கு அடியில் இருப்பது ஒரு வகை டிமென்ஷியா என்று தெரிய வந்தது. நான் சொல்ல வருவது அந்த வகை இல்ல. ஸ்ட்ரோக் வந்து, காலையில் இருந்த வார்த்தைகள் சாயங்காலம் இல்லாமல் போகிற வகை. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. அப்படிப் பார்த்தால் உங்க தெருவிலேயே யாராவது இருப்பாங்க. அவங்க வெளியே வராததால உங்களுக்குத் தெரியாம இருக்கலாம்.

தமிழில் இதைப் பேச்சிழப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அது முழுசா சரின்னு தோணல. பேசுவது மட்டும் இல்ல, படிப்பது, எழுதுவது, அடுத்தவர் சொல்வதைப் புரிந்துகொள்வது எல்லாமே ஆளுக்கு ஆள் வேற வேற அளவில் அடிபடும். அறிவும் கோபமும் கிண்டலும் பெரும்பாலும் உள்ளே அப்படியே இருக்கும். பிளேஸ்மென்ட் சீசன்ல குரூப் டிஸ்கஷன்ல உட்கார்ந்த நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு துளி புரியும். பதில் மண்டைக்குள்ள ரெடியா இருக்கும், இங்கிலீஷ்ல வாய்க்கு வராது, அதுக்குள்ள பக்கத்துல இருக்கிறவன் அதையே சொல்லிட்டுப் போயிருவான். ஆனா நமக்கு வெளியே வந்தா திட்டுறதுக்காவது தமிழ் இருக்கு.

எங்க மாமா, அம்மாவோட அண்ணன், மதுரையில் டவுன் பஸ் கண்டக்டர். பெரியார் டு திருமங்கலம். வயசு 57, ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருந்தது. படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பசங்களை அவர் திட்டினால், திட்டு வாங்கினவனே சிரிச்சுக்கிட்டு உள்ளே ஏறுவான். என்னை ‘மாப்ள’ன்னுதான் கூப்பிடுவார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு வார ஓய்வு நாளில், மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால் இழுத்துக்கொண்டது. நாலாவது நாள் வாயைத் திறந்தபோது வந்த முதல் வார்த்தை, "ரைட்டு."

அதுக்கப்புறமும் அதேதான். தண்ணி வேணுமா? ரைட்டு. வலிக்குதா? ரைட்டு. யாருன்னு தெரியுதா? ரைட்டு, ரைட்டு. ராகம் மட்டும் மாறும். கோபத்தில் ஒரு ரைட்டு, கெஞ்சலில் ஒரு ரைட்டு.

இது மாமாவுக்கு மட்டும் நடந்தது இல்லை. பாரிஸில் பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒருவர் 21 வருஷம் இருந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். அதனால் அவர் பேரே டான் என்று ஆகிவிட்டது. 1861-ல் அவர் இறந்ததும் பால் புரோகா என்ற டாக்டர் அவருடைய மூளையைப் பரிசோதித்து, இடது பக்கத்தில் முன்புறம் அழிந்திருப்பதைக் காட்டினார். மொழிக்கும் மூளையின் இடது பாதிக்கும் உள்ள தொடர்பு பாடப் புத்தகத்துக்குள் வந்தது இப்படித்தான். படித்தபோது எனக்கு மண்டையில் ஓடியது வேற. 21 வருஷம் அந்த மனுஷன்கூட யாராவது உட்கார்ந்து பேசினாங்களா?

லெபோர்னோட ‘டான்’ யாருக்கும் எந்த அர்த்தமும் தராது. மாமாவோட வார்த்தை அப்படி இல்ல. ‘ரைட்டு’ன்னா நம்ம ஊர்ல ‘சரி, போலாம்’. அதனால் அவர் எல்லாத்துக்கும் சம்மதிக்கிறார் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

மாமாவுக்குத் திருநகரில் ஒரு டீக்கடை பெஞ்சு உண்டு. டூட்டி முடிஞ்சா அங்கதான். அவர்கூட 11 வருஷம் ஒரே பஸ் ஓட்டிய டிரைவர் மாமா, பக்கத்துக் கடை டெய்லர், ரேஷன் கடையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். அரசியல், சம்பளக் கமிஷன், யார் வீட்டுக் கல்யாணத்துல சாப்பாடு சரியில்லை, எல்லாம் அங்கேதான் அலசப்படும். ஸ்ட்ரோக் வந்த முதல் வாரம் எல்லாரும் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமா வந்தாங்க. வந்தவங்க மாமாகிட்ட சத்தமாப் பேசினாங்க. அவருக்குக் காது நல்லாத்தான் கேட்குதுன்னு அத்தை சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாங்க. அப்புறம் மாமாவை விட்டுட்டு அத்தைகிட்டயே, "தூங்குறாரா? சாப்பிடுறாரா?" அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கார். ரெண்டு மாசத்தில் அதுவும் நின்றது. டிரைவர் மாமா பின்னாடி ஒருநாள் சொன்னார்: "என்ன பேசுறதுன்னு தெரியலப்பா. நான் ஒண்ணு கேட்க, அவன் தவிக்க, அதைக் கண்ணால பார்க்க முடியல."

சப்போர்ட் குரூப் என்றாலே அது சொந்தபந்தம் இல்லாத வெள்ளைக்காரங்களுக்கு, நமக்குத்தான் வீடு நிறைய ஆள் இருக்கே என்று ஒரு எண்ணம் நம்மகிட்ட இருக்கு. வீடு நிறைய ஆள் இருந்தாங்க, உண்மைதான். அவருக்குச் சோறு ஊட்ட நாலு பேர், அவர்கூடப் பேச ஒருத்தர் இல்ல.

ஸ்பீச் தெரபி போனோம். வாரம் ரெண்டு நாள், ஆறு வாரம். அதுக்கு மேல ஆட்டோ காசுக்கும் ஆளுக்கும் கட்டுப்படியாகல. அந்த தெரபிஸ்ட் மேடம் கடைசி நாள் என்னிடம், "இவர் பயிற்சியை விட்டுடாதீங்க. ஆனா இவரைச் சுத்தி இருக்கிறவங்களுக்கும் பயிற்சி வேணும்" என்று சொல்லி ஒரு பேரை எழுதிக் கொடுத்தார். ஆரா காகன். தேடிப் படித்தேன்.

கதை கனடாவில், டொராண்டோவில் ஆரம்பிக்கிறது. பேட் அராட்டோ என்ற பெண்ணின் கணவருக்கு ஸ்ட்ரோக்கில் அஃபேசியா வந்தது. ஆஸ்பத்திரி, தெரபி எல்லாம் முடிந்தபிறகு அவர் போய் உட்கார்ந்து நாலு பேரோடு பேச ஓர் இடம் இல்லை. 1979-ல் பேட் அராட்டோவே ஒரு மையத்தைத் தொடங்கினார். அதுதான் இன்றைக்கு அஃபேசியா இன்ஸ்டிடியூட். தன்னார்வலர்கள் வந்து அஃபேசியா உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே சேர்ந்த ஸ்பீச் தெரபிஸ்ட்தான் ஆரா காகன். அந்தப் பேச்சு எப்படி நடக்கணும் என்பதை ஒரு முறையாக வகுத்தார். முதல் வேலை, எதிரே இருப்பவருக்கு விஷயம் தெரியும் என்பது நமக்குத் தெரியும் என்று அவருக்கு உணர்த்துவது. அடுத்தது, உள்ளே இருப்பது வெளியே வர வழி பண்ணுவது: முக்கியமான வார்த்தையை எழுதிக் காட்டு, படம் போடு, ஒரு நேரத்தில் ஒரே விஷயம் பேசு, புரிந்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்.

இது வேலை செய்யுதான்னு 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் பார்த்தார்கள். 20 தன்னார்வலர்களுக்குப் பயிற்சி. இன்னொரு 20 பேருக்குப் பயிற்சி கிடையாது, அஃபேசியா உள்ளவர்களோடு பழக மட்டும் விட்டார்கள். பயிற்சி எடுத்தவர்கள் நன்றாகப் பேச வைத்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். நான் ரெண்டு தடவை படித்த இடம் வேற. அவர்களோடு பேசிய அஃபேசியா உள்ளவர்களும் விஷயத்தைச் சொல்வதில் முன்னேறியிருந்தார்கள். அவங்களுக்கு யாரும் எந்தப் பயிற்சியும் கொடுக்கல! சர்க்யூட்ல ஒரு பக்கத்தைத் தொடாம எதிர்ப்பக்கத்தை மட்டும் சரி பண்ணி சிக்னல் வாங்கின மாதிரி.

அமெரிக்காவில் ஓக்லாந்தில் 1999-ல் வெளியான இன்னொரு ஆய்வும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. நாள்பட்ட அஃபேசியா உள்ள 24 பேர். ஒரு பாதிக்கு வாரம் 5 மணி நேரம், 4 மாசம், தெரபிஸ்ட் நடத்தும் உரையாடல் குழு. மறுபாதி தங்கள் முறை வரும்வரை வேற ஏதாவது கூட்டங்களுக்குப் போனார்கள். நாலு பேரைப் பார்ப்பதே போதுமா, இல்லை பேச்சுக் குழுவில்தான் விஷயம் இருக்கா என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. உரையாடல் குழுவில் இருந்தவர்கள்தான் முன்னேறினார்கள். ஆக, கோயில் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போய் நாற்காலியில் உட்கார வெச்சா மட்டும் ஆகாது.

ரூம்மேட் இதைக் கேட்டதும், "மச்சான், ஆப் பண்ணிடலாம்டா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஆச்சு" என்றான். இந்தக் காலேஜில் எந்தத் துன்பத்தைச் சொன்னாலும் அதுக்கு ஒரு ஆப் வந்து நிற்கும். படத்தைத் தொட்டால் பேசும் ஆப்கள் ஏற்கனவே இருக்கு, சிலருக்கு ரொம்ப உதவுது. ஆனா மாமா எதைத் தொட்டு எந்த மெஷினைப் பேச வெச்சாலும், கேட்க பெஞ்சுல ஆள் வேணுமே.

நான் படிப்பது கோயம்புத்தூரில். ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஊருக்கு வருவேன். மத்தியானம் மூணு மணிக்கு டீக்கடையில் கூட்டம் இருக்காது, அந்த நேரத்தைப் பிடித்தோம். எஃப்.எம். ஆஃப். கோடு போடாத பெரிய நோட்டு, தடி மார்க்கர். டிரைவர் மாமாவுக்கு முதல் நாள் கை நடுங்கியது. ரேஷன் கடைப் பெரியவர் நோட்டை வாங்கி, ‘தாங்கள் காலைச் சிற்றுண்டி அருந்தினீர்களா’ என்று மனு மாதிரி எழுதினார். ‘இட்லியா, தோசையா’ன்னு ரெண்டு வார்த்தை எழுதினாப் போதும்னு அவருக்குப் புரிய வைக்க மூணு சனிக்கிழமை ஆச்சு. டெய்லர் நல்லாப் படம் போடுவார். டீ மாஸ்டருக்கு மட்டும் எதுவுமே சொல்லித்தர வேண்டியிருக்கல. கடை இரைச்சலில் எல்லாரிடமும் அவர் முதலிலிருந்தே டீ கிளாஸையும் காபி டம்ளரையும் தூக்கிக் காட்டித்தான் கேட்பார். மாமாகிட்டயும் அப்படியே கேட்டார். மாமா இடது கையால் காட்டினார். அவ்வளவுதான்.

ரைட்டு பிரச்சனைக்கு ஒரு பக்கத்தை மூணு கட்டமாகப் பிரித்தோம். ஒண்ணுல ‘சரி’, ஒண்ணுல ‘வேண்டாம்’, நடுவில் ஒரு பெரிய கேள்விக்குறி, அதாவது ‘நீ கேட்கிறதே தப்பு, வேற விஷயம்’. அந்த நடுக்கட்டம்தான் மார்க்கர் மை அழியற அளவுக்குத் தேய்ந்தது. இன்னொரு விதி, கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரை எண்ணணும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. பத்து செகண்ட் எவ்வளவு நீளம்னு ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கிட்டே எண்ணிப் பாருங்க.

நாலாவது மாசம்னு நினைக்கிறேன், டிரைவர் மாமா சும்மா விளையாட்டுக்கு, "பழங்காநத்தம்…" என்று இழுத்தார். மாமா உடனே, "பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர், கப்பலூர், திருமங்கலம்!" ஒரு தடங்கல் இல்ல, பழைய குரல். கடையே எழுந்து நின்றது. இதுக்கும் காரணம் இருக்கு. ஒண்ணு ரெண்டு மூணு, திங்கள் செவ்வாய், மனப்பாடமான பாட்டு, கெட்ட வார்த்தை, இப்படி வாய்ப்பழக்கமா வருவது மட்டும் பல பேருக்குத் தப்பிப் பிழைக்கும். ஆனா நடுவில் நிறுத்தி, "திருநகர்" என்று தனியாகச் சொல்லச் சொன்னால் வரல. வரிசையா ஓடினாத்தான் வந்தது. அப்புறம் கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் அதைச் செஞ்சு காட்டச் சொல்ல ஆரம்பிச்சாங்க. எனக்கு அது பிடிக்கல, டெய்லருக்கும் பிடிக்கல. மாமா சொல்ல வேண்டியது எதுவும் அதுல இல்லையே.

இதுக்கு நடுவில் வீட்டில் கடன் ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, வட்டி. கப்பலூரில் மாமா பேரில் மூணு சென்ட் இடம் ஒண்ணு உண்டு. அத்தையின் தம்பி ஒரு பார்ட்டியைப் பிடித்தார். மாமாவைக் கேட்கத்தான் செய்தார்கள். "இடத்தை வித்துடலாமாங்க?" ரைட்டு. மூணு தடவை கேட்டார்கள், மூணு தடவையும் ரைட்டு. அடுத்த புதன்கிழமை அட்வான்ஸ். பத்திர ஆபீசில் யார் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அந்தச் சனிக்கிழமை மாமா டீயைத் தொடவே இல்லை. டெய்லர் நோட்டை எடுத்தார். உடம்பா? வேண்டாம். வீடா? நடுக்கட்டம். காசா? சரி. கடனா? நடுக்கட்டம். திரும்ப நடுக்கட்டம். அப்புறம் மாமா தானாகவே ஆரம்பித்தார். யாரும் எடுத்துக் கொடுக்கல. "பழங்காநத்தம்… பசுமலை… திருப்பரங்குன்றம்… திருநகர்… கப்பலூர்." அங்கே இடது கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. அதுவரை ஒரு தடவைகூட அவரால் நடுவில் நிறுத்த முடிந்ததில்லை. நிறுத்தின கையாலேயே ‘வேண்டாம்’ கட்டத்தை மூணு தடவை தட்டினார்.

டிரைவர் மாமாதான் முதலில் பிடித்தார். "கப்பலூர் இடமாடா? விக்கக் கூடாதா?"

சரி. சரி. சரி.

ஏன்னு தெரிஞ்சுக்க இன்னும் அரை மணி நேரம். டெய்லர் வீடு வரைந்தார், கட்டில் வரைந்தார், மாமா எல்லாத்தையும் தள்ளிவிட்டார். கடைசியில் என் போனை வாங்கி, கேலரியில் மாமா பொண்ணு போட்டோவில் விரலை வைத்தார். பி.காம். ரெண்டாவது வருஷம் படிக்கிறாள். அவளுக்கு என்று வைத்த இடம்.

வீட்டுக்கு வந்து நோட்டைக் காட்டினதும் அத்தை சந்தோஷப்பட்டாங்கன்னு நினைக்காதீங்க. "இவரு விக்காதேன்னு சொல்லிட்டாரு. வட்டியை யாரு கட்டுறது, இவரா?" நியாயமான கேள்வி. ரெண்டு நாள் சண்டை, நோட்டில் ஏழெட்டுப் பக்கம் போச்சு. இடம் இப்போதைக்கு விற்கல, அத்தை நகை அடகுக்குப் போயிருக்கு. அது நல்ல முடிவான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான். அதுக்கப்புறம் ஒரு வாரம் அத்தை மாமாகிட்ட முகம் கொடுத்துப் பேசல. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அவங்க போட்ட முதல் சண்டை அது.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சு வெச்சுக்கங்க, உங்க வீட்டில் யாருக்காவது தேவைப்படும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு ஒன்று. அதன் விளக்கத்தில் அஃபேசியா என்ற பேரே இருக்கு. நாங்கள் சான்றிதழுக்குப் போன இடத்தில் கையையும் காலையும் மட்டும் பார்த்தார்கள். பேச்சைப் பற்றி யாரும் கேட்கல. அடுத்த தடவை டிரைவர் மாமா சட்டத்தில் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, கோடு போட்டு எடுத்துக்கிட்டுப் போனார்.

இப்போ பெஞ்சில் இன்னொருத்தர் சேர்ந்திருக்கிறார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். கடைக்காரர் சொல்லி, அவர் மனைவி ஆட்டோவில் கூட்டிவந்தார். அவருக்கு வேற வகை, 1874-ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் டாக்டர் விவரித்தது. பேச்சு அருவி மாதிரி கொட்டும், ஆனா வார்த்தைகள் மாறிப்போயிருக்கும், சிலது வார்த்தையே இல்ல. நாம் சொல்வதும் அவருக்குச் சரியாப் போய்ச் சேராது. மாமாவுக்கு ஒரே வார்த்தை, அவருக்கு அளவில்லாத வார்த்தை. வாத்தியார் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்குவார், மாமா சரியான இடத்தில், சரியான ராகத்தில், "ரைட்டு… ரைட்டு… ரைட்டே!" என்பார். அதைப் பார்த்து வாத்தியார் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவர் பேச்சை யாராவது முழுசாக் கேட்டு எட்டு மாசம் ஆச்சாம்.

மூணாவதாக ஓர் அக்கா. பூக்கட்டி விற்றவர், 40 வயசு இருக்கும். அவரை டீக்கடை பெஞ்சுக்கு வரச் சொல்ல முடியாது. வரவும் மாட்டார். இதைப் பற்றி நான் படித்த ஆய்வுகளில் ஒரு வரி இல்ல. டெய்லர்தான் வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை லீவு, மூணு ஸ்டூலும் ஒரு ஃபேனும் இருக்கு, டீ தூக்கில் வந்துவிடும். இந்த ஞாயிறு முதல் தடவை. அந்த அக்காவோட பேச அத்தையும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, அடகு நகையைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்ற கண்டிஷனோடு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு ரிசர்வ் பண்ணியாச்சு. போறப்போ நோட்டு வாங்கணும், பழசு தீர்ந்துபோச்சு. கோடு போடாதது, பெரிய சைஸ், ரெண்டா வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார் டெய்லர்.